உறையூர் குலுக்கியும் எங்கள் ஐந்தாண்டுத் திட்டமும்

உறையூர் குலுக்கியைப்போல மனிதர்களை வாயடைத்துப் போகச் செய்தவர் திருச்சி ஜில்லாவில் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப் போவதில்லை. இதை மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்றுகூடச் சொல்வேன், முழங்கால் மட்டும் இடம் கொடுத்தால்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சங்கப் பதிவேட்டில் அது அழகாக எழுதியும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி உறையூரில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. குலுக்கி என்று சொன்னால் போதும், ஜட்கா வண்டிக்காரர் நேரே அவர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

உத்தியோகம், கம்பவுண்டர். இந்தக் காலத்தில் அந்த வார்த்தையை விளக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் சீட்டில் மருந்தை எழுதுவார். அதைப் பார்த்து மருந்தைக் கலக்கி, நோயாளி கொண்டுவந்த சீசாவில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டித் தருகிறவர் கம்பவுண்டர். கூடவே 'நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்' என்று இன்னொரு சீட்டும் ஒட்டுவோம். நாங்கள் எல்லோரும் அதை ஒட்டினோம். அவர் ஒருவர்தான் அதை நம்பினார்.

காப்பி வந்தால் டம்ளர் வாயை உள்ளங்கையால் மூடி மூன்று குலுக்கு. மோர், பானகம், பேனா மை எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. தபால்காரர் கடிதம் கொடுத்தால் காதருகில் வைத்துக் குலுக்கிவிட்டுத்தான் பிரிப்பார். மைத்துனர் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குச் சோடா கொடுக்கும் பொறுப்பை யாரோ விவரம் தெரியாமல் அவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கோலி சோடா. குலுக்கிவிட்டு, சம்பந்தியின் முகத்துக்கு நேராகக் கோலியை அமுக்கினார். சரிகை அங்கவஸ்திரம், நெற்றிச் சந்தனம், கையிலிருந்த ஜாதகம் எல்லாம் நனைந்தன. கல்யாணம் நின்றுவிடும் என்று பெண் வீட்டார் வெளிறிப்போய் நிற்க, இவர் மட்டும் நிதானமாக, அடியில் தங்கியது மேலே வர வேண்டாமா என்று சம்பந்தியையே கேட்டாராம்.

அப்படிப்பட்டவரைச் செயற்குழுவில் வைத்திருந்தது எங்கள் கம்பவுண்டர்கள் சங்கம். மாதம் ஒருமுறை மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு காப்பி கிளப்பின் மாடியில் கூடுவோம். நான் ஜாயிண்ட் செக்ரட்டரி. தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுவது ஜாயிண்ட் செக்ரட்டரியின் வேலை.

தலைவர் ஸ்ரீரங்கத்துக்காரர். சேஷாத்ரி ஸ்வாமி என்போம். பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு முன் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் தியானித்துவிட்டுத்தான் மினிட்ஸ் புத்தகத்தைத் தொடுவார். ஐம்பதுகளின் கடைசி அது. நாடு முழுக்க ஐந்தாண்டுத் திட்டம் என்றே பேச்சு. நம் சங்கத்துக்கும் ஒன்று வேண்டாமா என்று நினைத்த தலைவர், ஒரு நாள் நாலு முழுத்தாளில் திட்டத்தை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். முதல் வருஷம் சங்கக் கட்டடத்துக்கு இடம் பார்ப்பது. இரண்டாம் வருஷமும் இடம் பார்ப்பது. மூன்றாம் வருஷம் கட்டடத்தில் தலைவரின் படத்தைத் திறப்பது. நாலாம் வருஷம் அஸ்திவாரம். ஐந்தாம் வருஷம் விருந்து. அஸ்திவாரத்துக்கு முன்னால் படத்தை எதில் மாட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. நான் வழக்கம்போல் தலையாட்டினேன்.

குலுக்கி எழுந்தார்.

"இதை யாரைக் கேட்டு எழுதினீங்க ஸ்வாமி?"

 அந்தக் கேள்வி அதற்குமுன் அந்த மாடியில் கேட்கப்பட்டதே இல்லை. தலைவருக்கு அது கேள்வி என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாரைக் கேழ்க்கணும்? ஏகாதசியன்னிக்கு உபவாசமா உட்கார்ந்து அடியேன் யோசிச்சு எழுதினது."

குலுக்கி விடவில்லை. சங்கம் அங்கத்தினர்களுடையது, அதனால் ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் திட்டம் எழுத வேண்டும் என்றார். ஒவ்வொருவரிடமுமா என்று பொருளாளர் நெஞ்சில் கைவைத்தார். தொட்டியத்திலும் வையம்பட்டியிலும் இருக்கிறவர்களைக்கூடவா என்று இன்னொருவர் கேட்டார். அவர்களைத்தான் முதலில் என்றார் குலுக்கி. வாதம் வளர்ந்தது, காப்பி ஆறியது, தலைவருக்கு ரங்கநாதர் சேவைக்கு நேரமாயிற்று. ஆளைக் கழற்றிவிட்டால் போதும் என்று, போய்க் கேட்டுக்கொண்டு வரும்படி அவரையே நியமித்தார். துணைக்கு என்னை அனுப்பியது எந்த ஜன்மத்துப் பாவம் என்று தெரியவில்லை.

முதலில் எல்லோருக்கும் ஒரு கார்டு போட்டோம். 'அன்புள்ள ஐயா, சங்கம் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?' வந்த பதில்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. ஒருவர், சங்கம் இன்னும் இருக்கிறதா என்று வியந்து எழுதியிருந்தார். ஒருவர் மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லி நட்சத்திரம், கோத்திரம் அனுப்பியிருந்தார். துறையூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் பயந்துபோய், தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சத்தியம் செய்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருந்தார். ஒருவரை என்ன வேண்டும் என்று கேட்பது இவ்வளவு பயங்கரமான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நேரில்தான் போக வேண்டும் என்று குலுக்கி முடிவு செய்தார். ஞாயிறுதோறும் கிளம்பினோம்.

மண்ணச்சநல்லூரில் எங்கள் அங்கத்தினர் வேலை பார்த்த டிஸ்பென்சரி, இரண்டு அரிசி ஆலைகளுக்கு நடுவில் இருந்தது. கத்தித்தான் பேச வேண்டும். சங்கம் என்ன செய்ய வேண்டும் என்று குலுக்கி நாலு தடவை கத்திய பிறகு அவர் ஒரே வார்த்தையில் ஸ்டூல் என்றார். உட்கார்ந்தால் மரியாதையில்லை என்று டாக்டர் நாற்காலியை எடுத்துவிட்டாராம். பதினாறு வருஷமாக நின்றுகொண்டே மருந்து கலக்குகிறார். வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். குலுக்கி குனிந்து பார்த்து, நோட்டில் 'ஸ்டூல்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அடுத்த வாரம் பாசஞ்சர் ரயிலில் வையம்பட்டி. அங்கே அங்கத்தினர் டாக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு விவசாயிக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சந்தை நாளன்று மட்டும் வருவாராம். மற்ற நாட்களில் ஜனங்கள் விடுவதில்லை. சங்கம் என்ன செய்ய வேண்டும் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. "எப்படியாவது ஒரு டாக்டரைக் கொண்டாந்து விடுங்க. எனக்குப் பயமா இருக்குங்க" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, முசிறி வழியாகத் தொட்டியம். பதிவேட்டில் கே. மங்களம் என்று இருந்த அங்கத்தினரைத் தேடி, வாழைத்தோப்பு ஓரமாக இருந்த டிஸ்பென்சரிக்குப் போனோம். கல்வத்தில் ஏதோ பொடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், மங்களம் சார் இருக்கிறாரா என்று கேட்டேன். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, தான்தான் மங்களம் என்றார்.

ஆறு வருஷமாக நாங்கள் 'அன்புள்ள ஐயா' என்று எழுதிவந்த அங்கத்தினர் அவர்தான். திருத்தி எழுதலாமென்றால் பெயரை அடித்துவிடுவார்களோ என்று பயந்து விட்டுவிட்டாராம். கணவர் அங்கே கம்பவுண்டராக இருந்தவர். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். கணவர் போன பிறகு பழைய டாக்டர் அவரையே வைத்துக்கொண்டார். கையிலிருந்த விலாசத்தை நான் மறுபடி படித்துப் பார்த்தேன். குலுக்கி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல், சங்கம் உங்களுக்கு என்னம்மா செய்யணும் என்று கேட்டார்.

அம்மாள் வாசலை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. பழைய டாக்டரு எழுத்து கோலம் மாதிரி மனப்பாடம். பார்த்தாலே எந்த மருந்துன்னு தெரிஞ்சிரும். இப்ப புது டாக்டரு வந்திருக்காரு. அவரு எழுத்து எனக்குப் புரியலங்க."

அவரிடமே கேட்கலாமே என்றேன். இரண்டு தடவை கேட்டாராம். மூன்றாவது தடவை கேட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் புரியாத சீட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். தப்பான மருந்தைக் கொடுக்கப் பயந்து, சந்தேகம் வந்தால் ஓமத்தண்ணீர்தான் கொடுக்கிறார்.

தொட்டியத்தில் பாதிப் பேர் மூன்று மாதமாக ஓமத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பலருக்குக் குணமாகியும் இருக்கிறது, புது டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மாள் அடுத்துச் சொன்னதில் அது போன இடம் தெரியவில்லை.

கடுமையான காய்ச்சலோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கும் ஓமத்தண்ணீர். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டதும் இவருக்கு உயிர் போய்விட்டது. சீட்டை எடுத்துக்கொண்டு முசிறிக்குப் பஸ் ஏறி, அங்கே ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, திரும்பி ஓடிவந்து சரியான மருந்தைக் கொடுத்திருக்கிறார். குழந்தை பிழைத்துவிட்டது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எழுத்துப் படிக்கச் சொல்லிக் குடுங்க, அது போதும். ஆண்டுக் கூட்டத்துக்கு நானே வந்து எந்திரிச்சுச் சொல்றேன். வேலை போனாப் போகட்டும்" என்றார்.

"வாங்கம்மா. ஆனா அவசரப்படாதீங்க" என்றார் குலுக்கி.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன். இது வெளியே தெரிந்தால் ஜில்லாவில் ஒரு கம்பவுண்டரையும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள், இந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துவிடுங்கள் என்று அவரிடம் மன்றாடினேன். அவர் ஜன்னல் வழியாகக் காவேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணசீலம் தாண்டியதும், "தம்பி, நீங்க எல்லாச் சீட்டையும் படிச்சிருவீங்களா?" என்று கேட்டார்.

நான் பஸ் டிக்கெட்டைப் படிக்க ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்னாலும் முடியாது. தெப்பக்குளத்தில் என் டாக்டர் எழுதுவதில் பத்துக்கு இரண்டை நான் ஊகித்துத்தான் கலக்கிவந்தேன். அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்த ஞாயிறுகளில், ஏற்கெனவே பார்த்தவர்களையெல்லாம் மறுபடி பார்த்து, பஸ்ஸில் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்டார். பலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டவர்களே வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி ஒப்புக்கொண்டார்கள்.

நோட்டைப் படித்த சேஷாத்ரி ஸ்வாமிக்கு முகம் வெளுத்தது. இப்படியொரு அபசாரத்தைச் சங்கத்தின் மினிட்ஸில் ஏற்ற முடியாது, ஆண்டுக் கூட்டத்தில் தம் திட்டம்தான் வாசிக்கப்படும் என்று நோட்டைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். குலுக்கி மறுபேச்சுப் பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆண்டுக் கூட்டம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற பெரிய டாக்டர் ஒருவர் தலைமை விருந்தினர். முன்வரிசையில் உள்ளூர் டாக்டர்கள். அவர்களில் குலுக்கியின் டாக்டரும் உண்டு. மங்களத்தம்மாள் கடைசி பெஞ்சில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் வீட்டு மனுஷி என்று நினைத்து அவருக்குத்தான் முதல் காப்பி போயிற்று.

தலைவர் திட்டத்தை வாசித்து முடித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டோ என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். கடைசி பெஞ்ச் கிரீச்சிட்டது. மங்களத்தம்மாள் எழுந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் முன்னால் குலுக்கி எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு டாக்டர் சீட்டு படிக்கத் தெரியாதுங்க. இருபது வருஷமா ஊகிச்சுத்தான் கலக்குறேன். சங்கம் எனக்குப் படிக்கச் சொல்லித் தரணும்."

  அவருடைய டாக்டர் பாதி எழுந்து, அப்படியே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போலீசுக்குச் சொல்லியனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

அப்போது மண்ணச்சநல்லூர்க்காரர், ஆலைச் சத்தத்துக்குப் பழகிய குரலில், எனக்கும் தெரியாது என்று கத்தினார். வையம்பட்டிக்காரர் எழுந்தார். துறையூர்ப் பக்கத்துச் சத்தியவான் எழுந்தார். என் முழங்கால்கள் என்னிடம் அனுமதி கேட்காமலே நிமிர்ந்துகொண்டன. ஹாலின் நாலு பக்கத்திலும் பெஞ்சுகள் நகரும் சத்தம். நின்றவர்களுக்கு நடுவில் மங்களத்தம்மாளும் நின்றார். அவரை யாரும் தனியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்கவைத்தது மேடைதான். சேஷாத்ரி ஸ்வாமி திட்டத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மெல்லிய குரலில், "அடியேனுக்கும் சில எழுத்து பிடிபடறதில்லை. பெருமாளே கதின்னுதான் கலக்கறது" என்றார்.

பெரிய டாக்டர் எழுந்தார். நாற்பது வருஷம் சீட்டு எழுதினேன், படிக்கிறவருக்குப் புரிகிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை என்றார். திட்டும்படியாக அவர் வேறொன்றும் சொல்லவில்லை. முன்வரிசை டாக்டர்களைப் பார்த்து, உங்களில் யார் சொல்லித் தருகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். தலைவரின் பெட்டியிலிருந்து நோட்டு வெளியே வந்தது. ஞாயிறுதோறும் அதே ஹாலில் வகுப்பு, சந்தேகம் கேட்கிற கம்பவுண்டரைக் கோபிக்கக் கூடாது என்று எல்லா டாக்டர்களுக்கும் கடிதம், நின்று வேலை செய்கிறவருக்கு ஸ்டூல், வையம்பட்டிக்கு முழுநேர டாக்டர் கேட்டு மனு. இதுதான் எங்கள் ஐந்தாண்டுத் திட்டம். தொட்டியத்து டாக்டருக்குப் பெரிய டாக்டரே கைப்பட எழுதினார். அந்தக் கடிதத்தைப் படிக்க அவர் இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டியிருந்ததாகக் கேள்வி. மங்களத்தம்மாளின் வேலைக்கு ஆபத்து வரவில்லை.

ஆபத்தெல்லாம் குலுக்கிக்குத்தான். மறுநாள் காலையில் உறையூரே டிஸ்பென்சரி வாசலில் நின்றது. பழைய சீசாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த வருஷம் எனக்கு என்னய்யா கொடுத்தாய் என்று கேட்டார்கள். டாக்டர் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சீட்டையும் ஜனங்கள் எதிரில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கலக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். குலுக்கி எழுத்துக் கூட்டிக் கூட்டி, திக்கித் திணறிப் படிப்பார். டாக்டர் அவரை நம்பவும் முடியாமல் கோபிக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். பல மாதங்கள் அந்தத் தெருப் பெண்கள் அவர் கையால் மருந்து வாங்கவில்லை.

வகுப்பில் அவர் என் பக்கத்தில் உட்கார்வார். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பாடம் நடத்திய டாக்டர் கரும்பலகையில் கோழி கிளறியதுபோல் ஒரு சீட்டை எழுதி, படியுங்கள் என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை. என் காதருகில் மட்டும் ஒரு முணுமுணுப்பு. குலுக்கி தம்மையறியாமல் அதை முதலிலிருந்து கடைசிவரை மளமளவென்று படித்துவிட்டு, இந்த அளவு குழந்தைக்கு ஜாஸ்தியாச்சே என்றும் சொல்லிக்கொண்டார்.

 உங்களுக்கு எல்லாம் தெரியுமா அண்ணே என்று கேட்டேன். பெஞ்சுக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார்.

"சும்மா இருங்க தம்பி. அந்தம்மா தனியா எந்திரிச்சு நின்னா ஊரே அது மேல விழுந்திருக்கும். எனக்கென்ன, ஏற்கெனவே பைத்தியம்னு பேரு."

வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் காலம் முடியும்வரை காப்பாற்றினேன்.

வகுப்பு நடந்த அந்த ஒரு வருஷமும் அவர் ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை. வராவிட்டால் உண்மை தெரிந்துவிடுமே. வேடிக்கை என்னவென்றால், மங்களத்தம்மாள் கிடுகிடுவென்று தேறிவிட்டார், இவர் தேறவேயில்லை. அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தொட்டியத்துப் பூவன் பழத்தைக் கையில் கொடுத்து, இவரை உட்காரவைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுப்பார். இவரும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டு, பார்த்துப் பார்த்துத் தப்பாகப் படிப்பார். "பரவாயில்லண்ணே, அடுத்த வாரம் வந்துரும்" என்று அந்த அம்மாள் தைரியம் சொல்வார். நான் பக்கத்தில் பழத்தோலை உரித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.